கண்ணம்மாள் பாஸ் செய்யாத கல்

வீதி முழுக்க நடைபாதை வந்துவிட்டது. மயில்சாமியின் வாசலில் மட்டும் பள்ளம் இருந்தது.

கேட்டுக்கு உள்ளே எக்ஸ்எல் வண்டி நின்றது. வெளியே சாக்கடைப் பள்ளம் வாயைப் பிளந்து கிடந்தது. நடுவில் சாவியும் கையுமாக மயில்சாமி நின்றார். பள்ளத்தின் குறுக்கே ஒற்றைப் பலகை போட்டிருந்தார்கள். அதில் ஆள் போகலாம், வண்டி போகாது.

"மறுபடியும் ஒடச்சுட்டியாப்பா?" என்றார்.

"நீங்கதானய்யா வார்டு ஆபீசுல போயி கல்லு சரியில்லன்னு சொன்னீக," என்றான் பள்ளத்துக்குள் இருந்த கொத்தனார் முனீஸ்.

முனீஸ் அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரன். மனைவி சின்னத்தாய் முருகன் கோயில் வாசலில் பூ விற்கிறாள். போட்ட காங்கிரீட்டையே திரும்ப உடைக்கச் சொன்னால் எந்தக் கொத்தனாருக்கும் கோபம் வரும். முனீஸுக்கு ஏனோ வரவில்லை. சிரித்த முகமாகச் சுத்தியலை ஓங்கிக்கொண்டிருந்தான்.

ஆபீசில் போய்ச் சொன்னது மயில்சாமிதான். சொல்ல வைத்தது கண்ணம்மாள்.

மயில்சாமி பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்து ஓய்வெடுத்தவர். எக்ஸ்எல் இல்லாமல் அவரைத் திருப்பூர் வீரபாண்டி வட்டாரத்தில் யாரும் பார்த்ததில்லை. நாலு வீடு தள்ளியிருக்கும் டீக்கடைக்கும் அதில்தான் போவார். வண்டி சூடாவதற்குள் கடை வந்துவிடும். போன வருஷம் அவர் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த கோயமுத்தூர் டாக்டர், "தினமும் நடக்கணும். இல்லைன்னா மறுபடி இதே பெட்டுக்குத்தான் வருவீங்க," என்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பினார்.

"நடக்கறதுக்கு எங்கீங்க எடம் இருக்குது?" என்று மயில்சாமி திருப்பிக் கேட்டார்.

அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. திருப்பூரில் நடக்கிறவனுக்கென்று விட்ட இடத்தில் டிரான்ஸ்பார்மர் நிற்கும், பிளக்ஸ் நிற்கும், பேக்கரிக்காரர் நாற்காலி போட்டிருப்பார், துணி பண்டல் இறக்கும் டெம்போ நிற்கும். இத்தனையும் போக மிச்சமிருக்கும் இடத்தில் மயில்சாமியின் எக்ஸ்எல் நிற்கும்.

கண்ணம்மாள் கெஞ்சினாள், அழுதாள், மகள் கிருத்திகாவைப் போனில் பேச வைத்தாள். அவர் அசைந்து கொடுக்கவில்லை. ஒரு நாள் அவள் கெஞ்சுவதை அப்படியே நிறுத்திக்கொண்டாள். ஒருவழியாக ஓய்ந்தாள் என்று அவர் நிம்மதியாக டீக்கடைக்கு வண்டியை உதைத்தார். கொஞ்ச நாளில் மாநகராட்சிக்காரர்கள் சாக்கடை எடுத்து நடைபாதை போட வந்து வீதியைத் தோண்டினார்கள்.

கண்ணம்மாளும் கம்பெனிக்காரிதான். செக்கிங் பிரிவில் இருந்தவள். பீஸில் ஒரு தையல் விட்டிருந்தாலும், கடுகளவு எண்ணெய்க் கறை இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. குற்றம் தெரிந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டிவிடுவாள். ஸ்டிக்கர் ஒட்டிய பீஸ், எவ்வளவு அவசரமான ஷிப்மெண்டானாலும் தையல் லைனுக்குத் திரும்பியாக வேண்டும். முதலாளியே ஆனாலும் அதில் வாய் திறக்க முடியாது. வேலையை விட்ட பிறகும் ஸ்டிக்கர் ரோல் அவள் கையை விட்டுப் போகவில்லை. சொத்தைக் கத்தரிக்காயில் ஒட்டிக் காய்கறிக்காரரிடம் திருப்பிக் கொடுப்பாள். பட்டனை மாற்றிப் போட்டிருந்தால் மயில்சாமியின் மேலேயே ஒட்டுவாள்.

வாசல் பள்ளத்தை மூட முதல் காங்கிரீட் கல் போட்டு, ஈரச் சாக்கு மூடி, அது நன்றாக இறுகி, "நாளைக்கு வண்டிய ஏத்தலாம்யா" என்று முனீஸ் சொன்ன அன்று, கல்லின் மேல் ஒரு சிவப்பு அம்பு இருந்தது.

"ஏனுங்க, இது உள்பக்கமா சாயுதுங்க. மழை பேஞ்சா தண்ணி ஊட்டுக்குள்ளார வந்துரும்," என்றாள் கண்ணம்மாள்.

"எனக்கொண்ணும் அப்பிடித் தெரியலியே புள்ள."

"உங்களுக்கு எப்பிடிங்க தெரியும்? நீங்க கட்டிங்."

செக்கிங்கில் திருப்பியதைக் கட்டிங் மாஸ்டர் கேள்வி கேட்டதாக எந்தக் கம்பெனியிலும் பேச்சில்லை.

"கல்லு செரியாகற வரைக்கும் நான் வாசப்படி தாண்டறதா இல்லீங்க. இந்த முட்டிவலிய வெச்சுக்கிட்டு பலகை மேல நான் எங்க போறது? கிருத்திகைக்கும் முருகனை ஊட்ல இருந்தே கும்பிட்டுக்கறேன்."

மயில்சாமிக்கு அது சுருக்கென்று தைத்தது. கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து கிருத்திகை தவறாமல் கோயிலுக்குப் போகிறவள். அவர் ஆபரேஷன் தியேட்டரில் கிடந்தபோது அந்த முருகன் முன்னால்தான் நின்றாளாம். எதையாவது செய்து அவளை மறுபடி அந்தச் சன்னதியில் கொண்டுபோய் நிறுத்திவிட வேண்டும் என்று நினைத்தார். நினைத்த வேகத்தில் சாவியை எடுத்தார். பிறகு பள்ளத்தைப் பார்த்துவிட்டுச் சாவியை வைத்தார்.

வார்டு ஆபீஸ் மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம், மாடியில் இருந்தது. மூச்சு வாங்க, வழியில் இருந்த எல்லாக் கடை வாசலிலும் நின்று நின்று போய்ச் சேர்ந்தார்.

மறுநாள் இன்ஜினியர் அனுசுயா நேரில் வந்து கல்லின் மேல் ரசமட்டத்தை வைத்தாள். குமிழி அசையாமல் நடுவில் நின்றது.

"மட்டம் கரெக்டா இருக்குதுங்களே ஐயா."

"ரசமட்டம் சொல்றது இருக்கட்டுங்க. செக்கிங்ல திரும்பிருச்சுங்க அம்மிணி. ஒண்ணும் பண்ண முடியாது."

அனுசுயாவின் அப்பாவும் பனியன் கம்பெனிதான். அவளுக்கும் ஒன்றும் பண்ண முடியவில்லை. உடைக்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டாவது கல்லில் அம்பு வெளிப்பக்கம் பார்த்தது. "இப்ப ரோட்டுப் பக்கமா சாயுதுங்க. காலு வழுக்கிருச்சுன்னா?" மூன்றாவதில் குறுக்கே நின்றது. "பக்கத்து ஊட்டுக் கல்லவிட ஒரு மயிரிழை ஒசரமா இருக்குதுங்க. தடுக்கிருச்சுன்னா?" ஒவ்வொரு தடவையும் கல் இறுகி வண்டி ஏற்றப்போகும் நேரம் பார்த்துத்தான் அம்பு வந்தது. ஒவ்வொரு தடவையும் மயில்சாமி ஆபீசுக்கு நடந்தார்.

அலைந்து அலுத்துப்போய், கடைசியில் தானே களத்தில் இறங்கினார். திருப்பூர்க்காரன் கைக்குக் கிடைக்கும் சாமான் என்ன? பனியன் வேஸ்ட். பழகிய கம்பெனியில் கட்டிங் வேஸ்டை மூட்டை மூட்டையாக வாங்கி வந்து பள்ளத்தில் திணித்தார். மேலே இரண்டு பலகை அடித்தார். எக்ஸ்எல் மெத்தை மேல் போவது மாதிரி போனது.

வாசலில் நின்ற கண்ணம்மாளின் முகம் செத்துவிட்டது. வண்டியோடு தான் விழுந்துவிடப்போகிறோம் என்று அவள் பயப்படுவதாக மயில்சாமி நினைத்து, அவளுக்குத் தைரியம் சொல்ல ஹாரனை இரண்டு தடவை அடித்துவிட்டு டீக்கடைக்குப் போனார்.

சாயங்காலம் மழை பிடித்தது.

நல்ல பருத்தி வேஸ்ட். எண்ணெயும் துடைக்கும், தண்ணீரும் குடிக்கும். வீதித் தண்ணீர் மொத்தத்தையும் குடித்து உப்பி, சாக்கடையை அடைத்துக்கொண்டது. குடித்தது போக மீதி பக்கத்து வீட்டு விஜயகுமாரியின் சமையலறைக்கும் டீக்கடைக்கும் போனது. மறுநாள் அடைப்பை எடுக்க, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் புத்தம் புது நடைபாதையைப் பெயர்த்துப் போட்டார்கள்.

"ஏனுங்ண்ணா, இப்பத்தான் மனுசரு நடக்கற மாதிரி ஒரு ரோட்டப் பாத்தோம். அது உங்களுக்குப் பொறுக்கலீங்களா?" என்றாள் விஜயகுமாரி, ஈர அரிசி மூட்டையை வெயிலில் காயப்போட்டபடி. ஷிப்டுக்குப் போகும் பெண்கள் சோத்துப் பையோடு மறுபடி லாரிக்கும் டெம்போவுக்கும் நடுவே இறங்கி நடந்தார்கள். ஒவ்வொருத்தியும் அவரைப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

மயில்சாமிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தன் வாசலுக்காக அலைந்தவர் இப்போது வீதிக்காக அலைய ஆரம்பித்தார். காலையில் வார்டு ஆபீஸ், மத்தியானம் கான்ட்ராக்டர் குடோன், சாயங்காலம் மறுபடி வார்டு ஆபீஸ். போகிற வழியில் ஒரு வேப்பமரம் இருப்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. இஸ்திரிக்காரர் குசலம் விசாரித்தார். டிரான்ஸ்பார்மர் அடியில் நடைபாதை காணாமல் போவதையும் அவரே கண்டுபிடித்து, அதையும் அனுசுயாவிடம் சொல்லிவைத்தார். மாடிப்படியில் எங்கேயும் நிற்காமல் ஏறுகிறோம் என்பதைக் கவனிக்க அவருக்கு நேரமில்லை. வேட்டி மேல் கட்டும் பெல்ட் தொளதொளவென்று ஆனதற்குக் கவலைதான் காரணம் என்று நினைத்துக்கொண்டார்.

ஒரு நாள் வீடு திரும்பியபோது கண்ணம்மாள் தலையில் புத்தம் புது மல்லி இருந்தது.

"பூ ஏது புள்ள?"

"விஜயகுமாரி வாங்கியாந்தாங்க," என்று அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

அரிசி நனைந்த கோபத்திலும் பூ வாங்கித் தருகிறாளே, எவ்வளவு நல்ல மனசு என்று மயில்சாமி உருகிப்போனார்.

அந்த மாதச் செக்கப்புக்கு, டாக்டருக்காக மட்டும் என்று சொல்லிக் கண்ணம்மாளும் பலகையைத் தாண்டி வர, பஸ்ஸில் கோயமுத்தூர் போனார்கள். டாக்டர் ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரொம்ப நல்லா இருக்குங்க. தினமும் நடக்கறீங்க போல?"

"எங்கீங்க டாக்டர், நடக்க நேரம்? ஆபீசுக்கு அலையவே பொழுது செரியாப் போயிருதுங்க."

டாக்டர் சிரித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கண்ணம்மாள் சுவரில் மாட்டியிருந்த காலண்டரை உற்றுப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. பாவம், கிருத்திகை என்றைக்கு என்று தேடுகிறாள் என்று மயில்சாமி நினைத்துக்கொண்டார்.

அதற்கடுத்துப் போட்ட கல்லில் அம்பு ஒட்டவில்லை.

கிருத்திகையன்று காலையில் அவள் ஸ்டிக்கர் ரோலோடு வந்து குனிந்து பார்த்தாள், கையால் தடவிப் பார்த்தாள். மயில்சாமி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் நிமிர்ந்து ரோலை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"பாஸுங்க."

அவர் சாவியை எடுத்தார். பிறகு என்ன தோன்றியதோ, ஆணியில் திரும்ப மாட்டினார்.

"நடந்தே போயிரலாம் புள்ள. உனக்கு முட்டி வலிச்சா எங்கைய புடிச்சுக்க."

அவள் பிடித்துக்கொண்டாள். வலி எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை, ஆனாலும் வழி முழுக்க விடவில்லை. மயில்சாமி அவளுக்கு வேப்பமரத்தைக் காட்டினார், இஸ்திரிக்காரரை அறிமுகம் செய்துவைத்தார், நடைபாதை எங்கே குறுகுகிறது என்று ஒரு பொறுப்பாளர் மாதிரி சொல்லிக்கொண்டு வந்தார். எல்லாவற்றையும் முதல்முறை பார்க்கிறவள் போல அவள் தலையாட்டிக்கொண்டே வந்தாள்.

"எத்தனை நாளாச்சு நீ கோயிலுக்கு வந்து," என்றார் அவர். "கல்லப் போட வெக்கறதுக்குள்ள உன்னைய ரொம்பக் காக்க வெச்சுட்டேன் கண்ணு."

கண்ணம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கோயில் வாசல் வந்துவிட்டது. பூக்கடையில் இருந்த முனீஸின் மனைவி சின்னத்தாய், எவ்வளவு வேண்டும் என்று கேட்காமலே மல்லியைக் கிள்ளிக் கண்ணம்மாள் கையில் கொடுத்தாள். பிறகு மயில்சாமியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முகமெல்லாம் மலரச் சொன்னாள்:

"தெனமும் நீங்க ஒத்தையில வருவீகளேக்கா, இன்னைக்கு ஐயாவும் நடந்தே வந்துட்டாகளா? அப்ப எங்க வீட்டுக்காரர்ட்ட சொல்லிரவா, நல்லாப் போட்ட கல்ல இனிமே உடைக்க வேணாம்னு?"