கணினி விழிக்கும் முன் வந்த கணவர்

திரைஞானியின் வாசலில் செருப்பு மட்டும் நாலு வரிசை. செத்துப்போனவர்கள் அவரிடம் வந்து முகம் காட்டுகிறார்களாம். எங்கே? கணினித் திரையில். பொத்தானை அழுத்திய பின், இயங்குதளம் எழுந்திருக்கும் முன், அந்தச் சில விநாடிகளில். உயிரோடு இருந்தபோது எதற்கும் நேரத்துக்கு வராதவர்கள், செத்த பிறகு விநாடி தவறுவதில்லை.

"அந்த நேரத்துல எந்தப் பொத்தானை அமுக்கினாலும் திரையைப் படம் பிடிக்க முடியாது. ஏன்னா வர்றது ஆவி" என்பார் ஞானி. படம் பிடிக்கும் மென்பொருளே அப்போது தூங்குகிறது என்று யார் கூட்டத்துக்குச் சொல்வது? செல்போன்களை வாசலிலேயே பிடுங்கி வைத்துவிடுவார்கள்.

அன்று வந்தவள் ஒரு தையல்கடைக்காரி. கணவன் இறந்து ஐந்து மாதம். கடையை ஞானியின் மச்சானுக்கு எழுதிக் கொடுக்கலாமா என்று கணவனைக் கேட்க வந்திருந்தாள். முகம் தெரிந்தால் சம்மதம். பத்திரம் மேசைமேல் தயாராக இருந்தது. ஆவிமேல் அவ்வளவு நம்பிக்கை. கூட வந்த நாத்தனார் கணினி பழுது பார்ப்பவள்.

"எல்லாரும் கண்ணை மூடி அவரை நினைங்க."

மூடினார்கள். தொழில் பக்தியில் ஞானியும் மூடினார். நாத்தனார் மூடவில்லை. திரைக்குப் போகும் கம்பியைக் கழற்றி, நடுவே தீப்பெட்டி அளவு பதிவுக்கருவி ஒன்றைச் செருகினாள். கம்பி வழியே போகும் படத்தை அது பிடித்துவிடும். கணினி விழித்திருக்கிறதா, தூங்குகிறதா என்பது அதற்குப் பொருட்டில்லை.

ஞானி எல்லாரையும் கண் திறக்கச் சொல்லிப் பொத்தானை அழுத்தினார். முகம் வந்தது, போனது. கூட்டம் விம்மியது. தையல்காரி பேனாவை எடுத்தாள்.

"அண்ணி, அண்ணனை இன்னொரு தடவை பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."

"போனவர் ரெண்டு தடவை வரமாட்டார்மா" என்றார் ஞானி.

"வரவேணாம். புடிச்சு வச்சிருக்கேன்."

இதற்குள் எழுந்துவிட்ட அதே கணினியில் பதிவை ஓட்டி, நிறுத்தி, பெரிதாக்கினாள். அண்ணனின் முகம். கீழே தோள். தோள்மேல், படத்தின் ஓரத்தோடு வெட்டுப்பட்ட நாலு விரல்கள். சுண்டுவிரல் கோணல்.

தையல்காரி தன் கோணல் சுண்டுவிரலைப் பார்த்தாள்.

"இது என் கை. பேர் பதியறப்போ கேட்டீங்கன்னு அனுப்பின எங்க ஜோடிப் படம். அதுல என்னை வெட்டினவங்க விரலை விட்டுட்டாங்க."

"கணினி எழறதுக்கு முன்னாடி கம்பெனி சின்னம் வரும்ல, அந்த எடத்துல எந்தப் படத்தையும் வைக்கலாம் அண்ணி. எங்க கடையில பத்து நிமிஷ வேலை."

ஞானி தொண்டையைச் செருமினார். "எல்லாம் பாசம்தாம்மா. அவரோட உங்க ஆவியும் சேந்து வந்திருக்கு."

"நான் இன்னும் சாகலைங்க" என்று பத்திரத்தைக் கிழித்தாள் தையல்காரி.

வரிசையில் அடுத்து நின்றவர் மெல்லக் கேட்டார்: "அப்போ எங்க அப்பா எப்ப வருவார்?"

வரமாட்டார் ஐயா. அவர் உங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போன மூளை இன்னும் உறை பிரிக்காமலே இருக்கிறது. முதலில் அதைப் போட்டுப் பாருங்கள்.