வெட்டாத ஆப்ரேஷனும் வாளியில் ஒரு விரால் மீனும்

அசாம் ஜாவா,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்பிற்குரிய மச்சான் மகேந்திரன் அவர்களுக்கு, தங்கை புருஷன் புவனேசன் வணங்கி எழுதிக்கொள்வது. ஆத்தா புண்ணியத்தில் இங்கு எல்லாரும் சுகம். அதில்தான் எனக்குக் குழப்பமே.

சுங்கை ஆயர் தாவாரில் மீ நூடுல்ஸ் கடையில் நின்று நின்று உங்கள் காலில் நரம்பு புடைத்து, கடையையே மூடும் நிலைமைக்கு வந்துவிட்டீர்கள். "முதல்ல என் தங்கச்சி காலுக்கு ஆப்ரேஷன் செய்யட்டும், எப்படின்னு பார்த்துச் சொல்லுங்க, அப்புறம் நான் வர்றேன்" என்றீர்கள். போனில் சொல்லலாம்தான், ஆனால் உங்கள் தங்கை கலாவதி காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறாள். அதனால் கடிதம்.

நம்ம மகள் தனேஸ்வரி பெரிய சர்ஜன். குடல்வால், குடலிறக்கம், பித்தப்பைக் கல் என்று எத்தனையோ வயிற்றைத் திறந்து மூடியவள். இப்போது கால் நரம்பு வைத்தியம்தான் அதிகம் பார்க்கிறாள். அவள் அம்மாவுக்கே ஆப்ரேஷன் என்றதும் முறைப்படி செய்ய வேண்டியதை எல்லாம் செய்தேன். காயம் ஆற விரால் மீன், மலாய்க்காரர்கள் ஹாருவான் என்பார்களே, அதை உயிரோடு வாங்கி வாளியில் விட்டேன். கலாவதி படுத்த படுக்கையாக இருப்பாள், வந்து பாருங்கள் என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டேன். அவளை உள்ளே அனுப்பிவிட்டு, எப்படியும் சாயங்காலம் ஆகும் என்று கோயிலுக்குப் போய் வேண்டுதல் மொட்டையைப் போட்டுக்கொண்டு திரும்பினால், உங்கள் தங்கை செருப்பு மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறாள். "எவ்வளவு நேரமா நிக்கிறேன், எங்க போய்த் தொலைஞ்சீங்க?" என்கிறாள். பார்க்கிறவர்களுக்கு ஆப்ரேஷன் அவளுக்கா எனக்கா என்று சந்தேகம்.

மகளைக் கேட்டேன். "எங்கம்மா வெட்டுன?"

"வெட்டலப்பா. ஊசி போற அளவு ஓட்டை. அது வழியா மெல்லிசா ஒரு வயரை விட்டு, சூடு வச்சு கெட்டுப்போன நரம்பை மூடிட்டேன்."

"மூடிட்டா ரத்தம் எப்படிப் போகும்?"

"ரோட்டை மூடுனா நீங்க லோரியை எப்படிக் கொண்டு போனீங்க? வேற ரோட்டுல போகும் லா."

அப்போது புரிந்த மாதிரிதான் இருந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தால், லோரி ஓட்டிய காலத்தில் ரோட்டை மூடிய நாளிலெல்லாம் நான் லேட்டாகத்தானே போய்ச் சேர்ந்திருக்கிறேன்.

மறுநாள் சொந்தக்காரர்கள் வேன் பிடித்து வந்துவிட்டார்கள். நோயாளியே தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தாள். காலில் இறுக்கமான காலுறையைத் தவிர ஒன்றுமில்லை. என் அக்கா திலகம் குனிந்து பார்த்துவிட்டு, "கட்டைக் காணோம், ஒண்ணையும் காணோம். உன் மக நெசமாவே ஆப்ரேஷன் பண்ணுனாளா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. எவ்வளவு கஷ்டப்பட்டுப் படித்த பிள்ளை. "கொஞ்ச நேரம் படுத்து முனகேன், பிள்ளை மானம் போகுது" என்று கலாவதியிடம் கெஞ்சினேன். பாவம், படுத்தாள். சோறு அடிபிடிக்கும் வாசம் வந்ததும் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். "டாக்டரே நடக்கத்தான் சொல்லியிருக்கா, நீங்க வேணும்னா படுங்க" என்றாள்.

என் பிள்ளையை நானே குறை சொல்லக் கூடாது. ஆனால் கத்தி பிடித்த கை ஏன் வயர் பிடிக்கிறது என்று விளங்கவில்லை. கையில் ஏதும் கோளாறோ, மேலே உள்ளவர்கள் கத்தியைப் பிடுங்கிக்கொண்டார்களோ, கேட்கவும் பயமாக இருக்கிறது. ஆகவே நீங்கள் இப்போதைக்கு வர வேண்டாம். நல்லா வெட்டுகிற டாக்டராகப் பார்ப்போம்.

வீட்டில் அக்காவுக்கு என் வணக்கம். பேரப் பிள்ளைகள் நோய் நொடியில்லாமல் வளரட்டும்.

இப்படிக்கு,
குழம்பிப்போன புவனேசன்

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போட மறந்து இரண்டு வாரமாகிவிட்டது. இன்று காலை கலாவதியும் நானும் கோயிலுக்கு நடந்தோம். பாதி வழியில் அவள் எப்போதும் காலைப் பிடித்துக்கொண்டு உட்காரும் கல் ஒன்று உண்டு. வழக்கம்போல நான் அங்கே நின்றேன். அவள் நிற்கவில்லை. நான் பக்கத்தில் இல்லாதது கூடத் தெரியாமல் பேசிக்கொண்டே போய்விட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது மச்சான். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். செவ்வாய்க்கிழமை கிளம்பி வாங்க, தனேஸ்வரியிடம் சொல்லிவிட்டேன். உங்களுக்கு அடுத்து, லோரி ஓட்டி ஓட்டி நரம்பு புடைத்த என் கால். விரால் மீனைக் கால்வாயில் விட்டாயிற்று. மொட்டையை மட்டும் நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள், எனக்கு இன்னும் முடி வளரவில்லை.