உள்ளங்கால் கொடுத்த வாக்குமூலம்

செத்தாலும் இனி மாத்திரையைத் தொடுவதில்லை என்று லிஃப்ட் மெக்கானிக் சபதம் எடுத்து ஒன்பது நாளாகிறது. சபதத்தை மனைவியிடம் சொல்லவில்லை. தெரிந்தால் அவர் செத்தார்.

பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. எத்தனை மாடியானாலும் லிஃப்டை இறக்கிவிடுவார். சர்க்கரையை மட்டும் இறக்கத் தெரியவில்லை. அப்போதுதான் பாதத்தை அழுத்திச் சிகிச்சை செய்யும் ஒரு அம்மாவைப் பற்றிக் கேள்விப்பட்டுப் போனார். அந்த அம்மா முதல் நாளே கண்டிப்பாகச் சொன்னார்: "இது துணைக்குத்தான் சார். கால் குடைச்சல் குறையும், நல்லாத் தூக்கம் வரும். மாத்திரையை நிறுத்திடாதீங்க."

கடைசி வார்த்தையில் 'நிறுத்தி' வரைக்கும்தான் இவர் காதில் விழுந்தது.

அன்றிலிருந்து காலையில் மனைவி மாத்திரையை நீட்டுவாள். இவர் தண்ணீரை மட்டும் விழுங்குவார்.

நாலாவது தடவை அவர் சிகிச்சைக்குக் கிளம்பும்போது மனைவியும் செருப்பை மாட்டினாள்.

"நீ எதுக்கு?"

"சும்மாதான். என் கால்ல விழ வேண்டியவரோட காலை யாரு புடிக்கிறாங்கன்னு பாக்க வேணாமா?"

இருவரும் அந்த அம்மாவின் சிகிச்சை அறைக்குப் போனார்கள்.

சாய்வு நாற்காலியில் வலது காலை நீட்டினார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து பத்திரிகையை விரித்தாள். அந்த அம்மாவின் கட்டைவிரல் பாதத்தின் நடுவில் வந்து நின்றது. நகரவில்லை.

"சார், மாத்திரை போடறீங்கல்ல?"

"த... தவறாம!"

விரல் அழுத்தியது. "ஒன்பது நாளா இல்லைன்னு சொல்லுதே!"

"யாரு?"

"கால்தான். உள்ளங்கால்னு சும்மாவா பேர் வெச்சாங்க? உள்ளத்துல இருக்கறதெல்லாம் இங்கதான் இருக்கு."

பத்திரிகையின் பக்கம் திரும்பவேயில்லை. மின்விசிறிக்கு நேர் கீழே அவருக்கு வியர்த்துக் கொட்டியது. எட்டு நாள் என்றிருந்தால் குத்துமதிப்பு என்று சாதிக்கலாம். ஒன்பது!

"ஆமாம்மா, போடலை."

"வேற ஏதாவது?" விரல் குதிகாலுக்கு இறங்கியது.

"சாயங்காலம் கேக்."

"எத்தனை?"

"ஒண்ணு... ஐயோ, அழுத்தாதீங்க! மூணு!"

"அப்புறம்?"

"போன மாசம் ரத்தப் பரிசோதனைக்குப் போகலை. மேட்ச் பாக்கப் போயிட்டேன். ரிப்போர்ட் என் கூட்டாளியோடது." சுண்டுவிரலை நோக்கி விரல் நகர்ந்ததும் அலறியேவிட்டார். "மச்சான் கல்யாணத்தன்னிக்கு லிஃப்டுல யாரும் மாட்டிக்கலை! நான் வீட்டுல தூங்கிட்டு இருந்தேன்!"



"இன்னிக்கு இது போதும்" என்று அந்த அம்மா அவசரமாகத் துண்டால் காலைத் துடைத்துவிட்டார்.

படியிறங்கும்போது அவர் மனைவி பக்கம் திரும்பினார். "என்ன வித்தைடி இது! ஒன்பது நாள்னு துல்லியமாச் சொல்லிட்டாங்களே!"

"வித்தை என்ன வித்தை? ஜன்னலுக்கு வெளியே சன்ஷேடுல ஒன்பது மாத்திரை கிடந்துச்சு. காலையிலேயே அவங்களுக்குப் போன் பண்ணிட்டேன்." கைப்பையைத் திறந்து பத்தாவதை நீட்டினாள். "முழுங்குங்க. இந்தத் தடவை நான் பாக்கறேன்."

விழுங்கினார். தொண்டையில் சிக்கியது. "அப்போ கேக்? ரிப்போர்ட்? கல்யாணம்?"

"அதெல்லாம் எனக்கு எப்படிங்க தெரியும்? இப்பதானே நீங்க சொன்னீங்க."

அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"நடங்க" என்றாள் மனைவி. "அடுத்த தடவை இடது கால்."