சுவருக்குள் சீழ்க்கை அடிப்பவன்

அன்புத் தம்பிக்கு அண்ணன் எழுதுவது. வீட்டில் எல்லோரும் நலமா என்று கேட்கிற நிலையில் நான் இல்லை. இருந்தாலும் கேட்டதாக வைத்துக்கொள். போனில் சொன்னால் சிரிப்பாய், அதனால்தான் கடிதம்.

நாங்கள் புதிதாகக் குடிவந்த வீட்டில் யாரோ இருக்கிறார்கள். படுக்கையறைச் சுவருக்குள் இருந்துகொண்டு சீழ்க்கை அடிக்கிறார்கள். பாட்டு கிடையாது, மெல்லிசாக ஒரே இழுப்பு, சற்று ஓய்வு, மறுபடி இழுப்பு. என் காதைச் சந்தேகிக்காதே. நீயும் நானும் ஆயுள் முழுக்கத் தண்ணீர் இலாகாவில் கசிவு தேடியவர்கள். இரும்புக் கம்பியைச் சாலையில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டால் பூமிக்கடியில் குழாய் எங்கே ஒழுகுகிறது என்று சொல்லிவிடுவோம். இந்தச் சுவரிலும் கறுப்பாகப் பூஞ்சை பூத்திருந்தது, கசிவுதான் என்று கம்பியை எடுத்தேன். காதை வைத்தேன், மூச்சைப் பிடித்தேன், சத்தம் நின்றுவிட்டது. நிமிர்ந்து மூச்சு விட்டேன், ஆரம்பித்துவிட்டது. எத்தனை முறை பார்த்தாலும் இதே கதை. குழாய்க் கசிவுக்கு வெட்கம் கிடையாது தம்பி, ஆள் கேட்கிறான் என்று அது நிறுத்தாது. இது என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது.

உன் அண்ணியிடம் சொன்னேன். "சத்தம் சுவத்துல இல்லீங்க, உங்க நெஞ்சுல. டாக்டர்கிட்ட போலாம்" என்றாள். "நெஞ்சு என்ன குழாயா?" என்று கேட்டேன். "குழாய்தான்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டாள். அவள் திரும்புவதற்குள் ஆளைப் பிடித்துவிடலாம் என்று உளியால் சுவரைக் கொத்தினேன். பூச்சு உதிர்ந்து அறை முழுக்கப் புழுதி, உள்ளே யாரும் இல்லை, ஆனால் சீழ்க்கை இரண்டாகிவிட்டது, ஒன்று கீச்சென்று, ஒன்று கட்டைக் குரலில். என் நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்த மாதிரி இருந்தது. உன் அண்ணியைக் கூப்பிட வாயைத் திறந்தால் குரல் வரவில்லை, சீழ்க்கைதான் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், பயந்துவிட்டேன். தெருவுக்கு ஓடினேன், கூடவே வந்தது. பஸ்ஸில் ஏறினேன், ஏறிக்கொண்டது. பக்கத்தில் இருந்த அம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வேறு இடம் தேடிப் போனாள். அவளுக்கும் கேட்டிருக்கிறது, சாட்சி கிடைத்ததில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

வீட்டுக்காரர் வந்து ஓட்டையைப் பார்த்தார். "பெரியவரே, உள்ள என்ன தேடுனீங்க?"

"இதுக்கு முன்னாடி இங்க குடியிருந்தவரை."

"அவர் அடுத்த தெருவுல நல்லாத்தானே இருக்கார். இங்க இருந்தவரைக்கும் ஒரே இருமல், அதான் காலி பண்ணிட்டார்."

பார்த்தாயா, அவரையும் விரட்டியிருக்கிறது. நீ உன் கம்பியோடு ஒரு நடை வந்து போ. உனக்கும் கேட்டால் வீட்டைக் காலி செய்கிறோம். கேட்காவிட்டால் என் காது போய்விட்டது என்று அர்த்தம், வெளியே சொல்லாதே.

உன் வீட்டுச் சுவர்களாவது வாயை மூடிக்கொண்டிருக்கட்டும் என்ற ஆசியுடன்,
அண்ணன்

பி.கு.: இதை ஒட்டுவதற்குள் உன் அண்ணி என்னை டாக்டரிடம் இழுத்துப் போய்விட்டாள். டாக்டரம்மா முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்ததும் பழக்க தோஷத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். "பிடிக்காதீங்க, நல்லா விடுங்க" என்றார். விட்டேன். அதை என் காதிலேயே மாட்டிவிட்டார். சுவரில் இருந்தவன் எனக்குள் இருந்தான். ஆஸ்துமாவாம். பூஞ்சையும், நான் கிளப்பிய புழுதியும் அவனுக்குத் தீனியாம். இன்ஹேலரை இழுத்த பிறகு வீடே அமைதியாகிவிட்டது, ஆகவே மேலே எழுதிய எதையும் நம்பாதே.

ஆனால் நேற்று நீ போன் செய்தாய். என் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, சற்று நேரம் பேசாமல் இருந்தாயே, அப்போது மறுபடி அதே சீழ்க்கை கேட்டது. சொன்னால் மறுபடி சிரிப்பாய் என்று போனை வைத்துவிட்டேன். வைப்பதற்கு முன் மூச்சைப் பிடித்துப் பார்த்தேன், தம்பி. நிற்கவில்லை. கம்பியை விட்டுவிட்டு உடனே கிளம்பி வா.