காய்ச்சல் வராத வம்சம்

வைரஸைப் பார்த்துப் பயந்த மனிதர்கள் கோடிப்பேர். வைரஸே பார்த்துப் பயந்த ஒரே மனிதர், ராஜபாளையத்தில் எங்கள் பேண்டேஜ் துணிக் கம்பெனி ஃபிட்டர் வம்சம் அண்ணாச்சிதான். "எங்க வம்சத்துல" என்று ஆரம்பிக்காமல் அவருக்குப் பேச வராது, அதனால் அந்தப் பேர்.

சிக்குன்குனியா வந்த வருஷம் கம்பெனியே சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தது. அண்ணாச்சி மட்டும் தறிக்கு எண்ணெய் விட்டபடி, "எங்க வம்சத்துல ஒரு பய தும்முனது கிடையாதுலே" என்றார். வீட்டில் ராஜபாளையம் நாய் வளர்ப்பவர். தாய் தகப்பனைப் பார்த்தே குட்டியின் ஜாதகத்தைச் சொல்லிவிடுவார். மனுஷனுக்கும் அவரிடம் அதே கணக்குதான். எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், "ஒங்க பக்கம் சளி உண்டா?" என்று பெண்ணின் அப்பாவிடம் கேட்டு, பஜ்ஜி வருவதற்குள் எங்களைக் கிளம்ப வைத்துவிட்டார்.

கொரோனா டெஸ்டில் அவருக்குப் பாசிட்டிவ் என்று வந்தபோதுகூட, "வந்துட்டுப் போகட்டும்" என்று புரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சாப்பிட்டார். மாஸ்க்கே இல்லாமல் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் இருந்த தம்பியைப் போய்ப் பார்த்துவிட்டும் வந்தார். ரெண்டு மூணு நாளில் தம்பி காய்ச்சலில் படுத்துவிட்டார். "ஒரே வயித்துல பொறந்தவன், எந்திரிச்சிருவான்" என்று போனிலேயே அண்ணாச்சி ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தடுத்துவிட்டார். மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் தம்பி மனைவிதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்.

தனக்கு நெகட்டிவ் வந்த கையோடு அண்ணாச்சி ஆஸ்பத்திரிக்கு ஓடி, டாக்டரம்மாவிடம் சண்டைக்கு நின்றார். "எனக்கு ஒண்ணும் செய்யல, அவனுக்கு மட்டும் எப்படிச் செய்யும்? நான் நாய் வளக்கவன். வம்சம் தெரியாதா எனக்கு?"

"ஒங்க குட்டிகளுக்குப் பார்வோ காய்ச்சல் வந்துருக்கா?"

"வந்துச்சு. ஒண்ணு நின்னுச்சு, மிச்சம் போயிருச்சு."

"எல்லாம் ஒரே ஈத்துக் குட்டிகதானே? மனுஷனுக்கும் அப்படித்தான் அண்ணாச்சி. அப்பா அம்மாகிட்டருந்து ரெண்டு பேருக்கும் ஒண்ணுபோல வராது. எதிர்ப்பு சக்தியும் ஆளுக்கு ஆள் வேற."

அண்ணாச்சி சட்டைக்கையைச் சுருட்டினார். "அப்ப எங்கிட்ட இருக்கத எடுத்து அவனுக்கு ஏத்துங்க தாயி." அப்படியெல்லாம் ஏற்ற முடியாது என்று எவ்வளவு சொல்லியும் சுருட்டிய கையை இறக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார்.

தம்பி பிழைத்து வீடு திரும்பினார். அவரைப் பார்க்க அண்ணாச்சியை நான்தான் பைக்கில் கூட்டிப் போனேன். முகத்தில் ரெண்டு மாஸ்க். வாசல்படியைத் தாண்ட மாட்டேன் என்றுவிட்டார்.

"உள்ள வாண்ணே. ஒனக்குத்தான் ஒண்ணும் செய்யாதே" என்றார் தம்பி, கட்டிலில் படுத்தபடியே.

"எனக்குச் செய்யாதுலே. ஒனக்குச் செய்யுமே."

வெயிலில் நின்ற அந்த மனுஷனை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு.