கரடி தள்ளிய ராட்டினமும் கடைசி நாட்களும்

ஒரு காட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், குடை ராட்டினத்தின் கீழே கூடியிருந்தவர்கள் விவரம்: சிங்கம் ஒன்று, நரி ஒன்று, குரங்குகள் ஏழு, மான்கள் பன்னிரண்டு, முயல்கள் ஒன்பது, காட்டுப்பன்றிகள் நான்கு, முள்ளம்பன்றி ஒன்று, கரடி ஒன்று. ஆக முப்பத்தாறு. மேலே கிளையில் ஒரு மயிலும் இருந்தது. அது கூட்டத்துக்கு வந்ததா, சும்மா உட்கார்ந்திருந்ததா என்று தெரியாததால் சேர்க்கவில்லை.

அது ஒரு பொழுதுபோக்குப் பூங்கா. சிங்கம் அதன் முதலாளி. நரி மேனேஜர். பூங்காவில் இருந்தவற்றில் மிகப் பழையது இந்த ராட்டினம்தான். நடுவில் ஒரு தூண், மேலே தகரக் குடை, ஏறி உட்கார எட்டு மர மனிதர்கள். எட்டுப் பேரும் கையையும் காலையும் ஊன்றிக் குனிந்து நிற்பதுபோல் செதுக்கப்பட்டிருந்தார்கள். ஒருவர் போலீஸ்காரர், ஒருவர் வாத்தியார், ஒருவர் வக்கீல், ஒருவர் கல்யாண மாப்பிள்ளை. மற்ற நால்வர் யாரென்று சொல்ல முடியாதபடி பெயிண்ட் உதிர்ந்துவிட்டது.

மோட்டார் கிடையாது. தூணில் செருகிய கட்டையைப் பிடித்துத் தள்ளிச் சுற்றுவது சடையாண்டி என்ற கரடி. அந்தக் கட்டையை நகர்த்தக் கரடியால்தான் முடியும். அந்தக் காட்டில் வேறு கரடி இல்லை. வாலிபத்தில் வேலைக்குச் சேர்ந்த சடையாண்டிக்கு இப்போது இரண்டு முட்டியும் போய்விட்டன. கிழக்கு மலையில் கட்டிக்கொடுத்த மகள் பூவாயி இரண்டு குட்டி போட்டிருந்தது. "வந்து எங்களோடயே இருங்கப்பா" என்று கிளியிடம் சொல்லி அனுப்பிக்கொண்டே இருந்தது. ஆனால் ராட்டினம் இருக்கும்வரை சடையாண்டியும் இருக்க வேண்டும் என்பது பூங்காவின் விதி.

சிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டது.

"இந்த ராட்டினத்தை எடுத்துடலாம்னு இருக்கேன். இங்க குலுக்கு நாற்காலி வரப்போகுது. கண்ணுல ஒரு கண்ணாடியை மாட்டிக்கிட்டு உட்கார்ந்தா போதும். நாற்காலி தானா குலுங்கும்."

"கண்ணாடியில என்னங்க தெரியும்?" என்று ஒரு முயல் கேட்டது.

"ராட்டினத்துல சுத்துற மாதிரி தெரியும்" என்றது நரி.

கூட்டம் அழ ஆரம்பித்தது. பழமை காப்போர் சங்கத்தின் தலைவரான அனந்தப்பன் என்ற குரங்கு எழுந்து நின்றது.

"எங்கப்பா இதுல சுத்தினார். நான் சுத்தினேன். என் பிள்ளைங்களுக்கு இது இல்லாம போறதா?"

"உங்க பிள்ளைங்க இதுவரைக்கும் சுத்தியிருக்காங்களா?" என்றது நரி.

"சுத்தினதில்ல. ஆனா சுத்தலாம்ங்கற உரிமை இருந்துச்சு."

"சரி, போன வருஷம் இதுல ஏறினவங்க கையைத் தூக்குங்க."

முள்ளம்பன்றி மட்டும் தூக்கியது. "நான் ஏறினேன். வாத்தியார் முதுகுல ஓட்டை விழுதுன்னு இறக்கிவிட்டுட்டாங்க."

அப்போது கூட்டத்தின் ஓரத்தில் யாரோ கை தட்டும் சத்தம் கேட்டது. சடையாண்டிதான். ராட்டினத்தை எடுப்பார்கள் என்ற சந்தோஷத்தில் தட்டிக்கொண்டிருந்தது. அனந்தப்பன் ஓடிப்போய் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டது.

"பார்த்தீங்களா? துக்கத்துல என்ன செய்யறோம்னே தெரியாம கை தட்டறார்."

அதைக் கேட்டு மற்றவர்கள் இன்னும் கொஞ்சம் அழுதார்கள். ஆனாலும் சிங்கம் மசியவில்லை. அடுத்த ஞாயிறோடு ராட்டினம் நிறுத்தப்படும் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டது. சாப்பாடு என்றதும் மான்களும் கலைந்தன.

அடுத்த ஞாயிறு காலை நரி ஒரு வாளியில் பசை காய்ச்சி எடுத்துவந்து ராட்டினத்தின் பலகைமேல் ஒரு தாளை ஒட்டியது. சிவப்பு எழுத்தில் இரண்டே வார்த்தை: இன்றே கடைசி.

மதியத்துக்குள் வரிசை வாசலைத் தாண்டி ஓடை வரைக்கும் போய்விட்டது. அழுதவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். அழாதவர்களும் வந்திருந்தார்கள். பக்கத்துக் காட்டிலிருந்து ஒட்டகச்சிவிங்கி ஒன்று வந்து, தலை குடையில் இடிக்கிறது என்று கழுத்தை வளைத்துக்கொண்டே மூன்று முறை சுற்றியது. சடையாண்டி இருட்டும்வரை தள்ளியது.

சாயங்காலம் பிரிவுபசார விழா. அனந்தப்பன் பொன்னாடை போர்த்தியது. சடையாண்டியின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"உணர்ச்சிவசப்பட்டுட்டார்" என்றது அனந்தப்பன்.

"முட்டி வலி" என்றது சடையாண்டி. மைக் அதற்குள் வேறு பக்கம் போய்விட்டது.

விழா முடிந்ததும் சடையாண்டி மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தது. வாசலில் நரி நின்றிருந்தது.

"எங்கண்ணே கிளம்பிட்டீங்க?"

"பொண்ணு வீட்டுக்குத் தம்பி. இன்னியோட கடைசியாச்சே."

"பொதுமக்கள் வேண்டுகோளுக்கு இணங்க மேலும் ஒரு நாள்."

"யார் வேண்டினாங்க?"

"நாளைக்கு வேண்டுவாங்க. அந்தப் பொன்னாடையைக் கொடுத்துட்டுப் போய்ப் படுங்க. நாளைக்குப் போர்த்தணும்."

மறுநாளும் இன்றே கடைசி. அதற்கு மறுநாளும் இன்றே கடைசி. வந்தவர்களே திரும்பத் திரும்ப வந்தார்கள். நேற்றுதானே கடைசி என்று ஒரு பன்றி கேட்டது. "அது நேத்தைய கடைசி. இது இன்னிக்கு" என்றது நரி. பன்றிக்கு அது நியாயமாகப் பட்டது. வரிசையில் நின்றது.

வெள்ளிக்கிழமைகளில் மட்டும் பூங்காவுக்கு வார விடுமுறை. கடைசி நாளுக்கும் விடுமுறை உண்டு.

இப்படி மூன்று மாதம் போனது. தினமும் அதே பொன்னாடை, அதே பேச்சு. ஜரிகை சடையாண்டியின் ரோமத்தில் ஒட்டி ஒட்டிப் பாதி உதிர்ந்துவிட்டது. கிழக்கு மலையிலிருந்து வந்த கிளி, "குட்டிங்களுக்குப் பல்லு முளைச்சிடுச்சாம். தாத்தா எங்கன்னு கேட்குதாம்" என்று சொல்லிவிட்டுப் போனது.

ராட்டினம் உடைந்துபோனால் விட்டுவிடுவார்கள் என்று சடையாண்டி நினைத்தது. ஒருநாள் காலை போலீஸ்காரரின் ஆணியைத் தளர்த்தி வைத்தது. இரண்டாவது சுற்றிலேயே போலீஸ்காரர் கழன்று, மேலே இருந்த பன்றியோடு புல்லில் போய் விழுந்தார்.

பன்றி எழுந்து உடம்பைத் தட்டிக்கொண்டது. "எங்க தாத்தா இப்படித்தான் விழுந்தாராம். அப்படியே இருக்கு." மறுநாள் போலீஸ்காரர்மேல் உட்காருவதற்கு மட்டும் தனி வரிசை.

அடுத்து சடையாண்டி அச்சுக்கு எண்ணெய் போடுவதை நிறுத்தியது. ராட்டினம் சாவு வீட்டில் ஒப்பாரி வைப்பதுபோல் கத்தியது. அனந்தப்பன் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டது.

"இந்தச் சத்தத்தைத்தான் சங்கம் இவ்வளவு நாளா தேடிக்கிட்டு இருந்துச்சு. இனிமே யாரும் எண்ணெய் போடக் கூடாது" என்றது.

எண்ணெய் இல்லாத கட்டையைத் தள்ளுவது சடையாண்டிக்கு இரட்டிப்பு வேலையாகிவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை அது முட்டியை நனைத்துக்கொள்ள அருவிக்குப் போனது. அருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செங்கமலம் என்ற மான் புல் மேய்ந்துகொண்டிருந்தது. ராட்டினத்துக்கு ஒரு கடைசி நாள்கூட விடாமல் வருகிற மான் அது.

"வா தாயி. அருவியைப் பார்க்க வந்தியா?"

"இல்ல மாமா, புல்லுக்கு வந்தேன். அருவியை நான் இன்னும் பார்த்ததே இல்ல."

"உன் வீடு இந்தப் பாறைக்கு அந்தப் பக்கம்தானே?"

"ஆமா. சத்தம் நல்லாக் கேட்கும். ஒருநாள் சாவகாசமா வந்து பார்க்கணும்."

"தலையைத் திருப்பினாத் தெரியுமே."

"தெரியும். ஆனா அது எங்க போயிடப் போகுது மாமா? எப்ப வேணும்னாலும் பார்த்துக்கலாம். நாளைக்கு ராட்டினம் கடைசியாம். சீக்கிரம் படுத்து எழுந்திருக்கணும்." செங்கமலம் திரும்பிப் பார்க்காமலே போய்விட்டது.

சடையாண்டி தண்ணீரில் நின்றுகொண்டே இருந்தது. முட்டிவலி குறைந்த பிறகும் நின்றது. பிறகு கரையேறி, உடம்பை உதறிக்கொண்டு, நேராகப் பழமை காப்போர் சங்கத்துக்குப் போனது.

"தலைவரே, தினம் தினம் கடைசின்னு சொல்றது என் மனசை அறுக்குது. இந்த ராட்டினம் என்னிக்கும் இருக்கணும். யாரும் எடுக்க முடியாதபடி ஒரு கல்வெட்டு வெச்சிடுங்க."

அனந்தப்பன் எழுந்து நின்றுவிட்டது. சங்கத்தின் இத்தனை வருஷத்தில் அவர்கள் கேட்காமலே ஒருவர் வந்து இப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை. உடனே ஏழு குரங்குகளும் சடையாண்டியை முன்னால் விட்டுக்கொண்டு சிங்கத்திடம் போயின.

நரி விஷயத்தைக் கேட்டதும் சிங்கத்தின் காதருகே வந்தது.

"வேண்டாம் முதலாளி. போயிடும்னு சொல்றதாலதான் வர்றாங்க. இருக்கும்னு சொன்னா ஒருத்தனும் வரமாட்டான்."

சிங்கம் யோசித்தது. "கல்வெட்டுல என் பேர் இருக்குமா?"

"முதல் வரியே உங்க பேர்தாங்க" என்றது சடையாண்டி. "ஒரு முழ உயரத்துல."

"பிடரியோட படம்?"

"அதுவும் உண்டு."

"அப்ப வெச்சிடலாம்" என்றது சிங்கம்.

வெளியே வரும்போது நரி சடையாண்டியின் பக்கத்தில் நடந்தது. "நீங்க சாதாரண ஆள் இல்லண்ணே" என்றது.

"நான் கட்டை தள்ளுறவன் தம்பி" என்றது சடையாண்டி.

கல்வெட்டுத் திறப்பு விழாவுக்குக் காடே திரண்டது. முதல் வரி சிங்கத்தின் பெயர். பிடரி ஒரு பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டது. கீழே, இந்த ராட்டினம் என்றென்றும் இவ்விடத்தில் இருக்கும், எக்காலத்திலும் அகற்றப்படாது என்று வெட்டியிருந்தார்கள். அனந்தப்பன் கிழிந்துபோன 'இன்றே கடைசி'யைத் தன் கையாலேயே உரித்து எறிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். சிலர் அழுதார்கள்.

"வாங்க, ஏறுங்க" என்று சடையாண்டி கட்டையைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டது.

"இன்னிக்குக் கூட்டமா இருக்கு மாமா, இன்னொரு நாள் வர்றேன்" என்றது செங்கமலம்.

"இனிமே என்ன அவசரம்?" என்றது பன்றி.

"பிள்ளைங்களுக்குப் பரீட்சை முடியட்டும்" என்றது அனந்தப்பன்.

யாரும் ஏறவில்லை. மறுநாளும் யாரும் வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும் வரவில்லை. எல்லோரும் ராட்டினத்தைக் கடந்து பக்கத்துக் கொட்டகைக்குப் போனார்கள். அங்கே கல்வெட்டு விழாவுக்கு முந்தின நாள்தான் குலுக்கு நாற்காலிகள் வந்து இறங்கியிருந்தன. அவற்றின் மேலும் நரி முதல் நாளே 'இன்றே கடைசி' ஒட்டிவிட்டது. கண்ணாடியில் ராட்டினம் சுற்றுவதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவர்கள், "அச்சு அசல் அப்படியே இருக்கு" என்று சொல்லிக்கொண்டே ராட்டினத்தின் தூணில் சாய்ந்து நின்று தலைசுற்றல் நீங்கக் காத்திருந்தார்கள்.

ராட்டினத்தை எடுக்க முடியாது. கல்வெட்டு இருக்கிறது. சுற்றவும் வேண்டாம். ஏற ஆள் இல்லை. சும்மா நிற்கும் கரடிக்கு ஏன் மூன்று வேளை கிழங்கு என்று சிங்கம் கேட்டது. அன்றைக்கே சடையாண்டிக்கு ஓய்வு கிடைத்தது. வழியனுப்ப யாரும் வரவில்லை. அவர்கள்தான் மூன்று மாதம் தினமும் வழியனுப்பிவிட்டார்களே.

கிழக்கு மலையில் பூவாயி ஓடிவந்து அப்பனைக் கட்டிக்கொண்டது. மருமகன் மூட்டையை வாங்கிக்கொண்டது. குட்டிகள் இரண்டும் முதுகில் ஏறிக்கொண்டன.

"எத்தனை நாள் இருப்பீங்கப்பா?"

"இனிமே எங்கயும் போகமாட்டேன்மா. இங்கயேதான்."

அன்று முழுவதும் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம்.

மறுநாள் காலையில் சடையாண்டி கண் விழித்தபோது குகையில் யாருமில்லை. பூவாயி மீன் பிடிக்கப் போயிருந்தது. மருமகன் வெளியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. குட்டிகளைக் கூப்பிட்டால், "அப்புறமா வர்றோம் தாத்தா" என்று சொல்லிவிட்டுப் பள்ளத்தில் உருளப் போய்விட்டன. மதியம் நேற்றைய கிழங்கே வந்தது. குகையின் மூலையில் தேக்கு இலை போட்டு மூடி ஐந்து தேனடைகள் இருந்தன. சடையாண்டி ஒரு இலையை விலக்கிப் பார்த்தது.

"அது விருந்தாளிங்க வந்தா கொடுக்கறதுக்குப்பா" என்றது பூவாயி. "நீங்க நம்ம வீட்டு ஆளுதானே."

இப்படியே ஒரு வாரம் போனது. எட்டாம் நாள் சாயங்காலம் சடையாண்டி மூட்டையைக் கட்டிப் பக்கத்தில் வைத்துக்கொண்டது.

"நாளைக்குக் காலையில கிளம்பறேன்மா."

"அதுக்குள்ளயாப்பா?" பூவாயி கையிலிருந்த மீனைக் கீழே போட்டது. மருமகன் எழுந்து வந்து மாமனாரின் முட்டியைப் பிடித்துவிட ஆரம்பித்தது. குட்டிகள் ஆளுக்கொரு தோளில் ஏறிக்கொண்டு இறங்க மாட்டோம் என்றன. தேக்கு இலை விலகியது.

காலையில் சடையாண்டி கிளம்பவில்லை. கால் சரியில்லை, நாளைக்குக் கிளம்புகிறேன் என்றது. மறுநாளும் அதையே சொன்னது. இன்றைக்கும் மூட்டை கட்டியபடிதான் இருக்கிறது.

நீதி: என்றைக்கும் இருக்க விரும்புகிறவர், நாளைக்குக் கிளம்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

மீதி: மூட்டை கட்டிய முதல் நாள் சாயங்காலக் கணக்குப்படி, தேனடை இரண்டரை.