செத்ததாகச் சொல்லப்படும் பேட்டரி பற்றி

சேசு மரி சூசை

மேல்கணக்குத் தோட்டம்,
கந்தப்பளை.
தொடங்கியது: 14.2.1986 வெள்ளி
முடிந்தது: 19.2.1986 புதன்

அன்புள்ள மாப்பிள்ளை றோலண்ட் அவர்களுக்கு, மாமன் வியாகுலம் தன் சொந்தக் கையால் எழுதிக்கொள்வது.

முதலில் இந்த எழுத்துக்காக மன்னிப்புக் கேட்கிறேன். கோடு போட்ட தாள்தான், ஆனாலும் எழுத்துகள் கோட்டில் நிற்க மாட்டேன் என்கின்றன. காலைப் பெரட்டுக்கு வரிசையாக நிற்கச் சொன்னால் நம் ஆட்கள் எப்படி நிற்பார்களோ அப்படித்தான் நிற்கின்றன. ஒன்று முன்னால், ஒன்று பின்னால், ஒன்று வெற்றிலை துப்பப் போயிருக்கிறது. எங்கேயாவது ஓர் எழுத்துக் குறைந்தால் அது துப்பப் போனது என்று கொள்ளுங்கள். அறுபத்தெட்டு வயதில் வந்த எழுத்து, அதை விரட்ட முடியாது.

இங்கு ஆண்டவர் கிருபையால் நான், உங்கள் மாமி மரியநாயகி, இரண்டு கோழிகள் எல்லாரும் சுகம். பேட்டரிக்கு மட்டும் சுகமில்லை என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். மகள் றோசலின் சுகத்தை அறிய ஆவல்.

உங்கள் கடிதத்தை யாரிடமும் கொடுக்காமல் நானே வாசித்தேன். இரண்டு நாள் பிடித்தது. முதல் நாள் ‘பேட்டரி’ வரைக்கும் வந்தேன். மறுநாள்தான் ‘செத்துவிட்டது’ வந்தது. நடுவில் ஒரு நாள் மிகவும் சந்தோசமாக இருந்தேன், அதற்கு நன்றி.

மாப்பிள்ளை, டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு நீங்கள் வேலை செய்யும் கடையிலிருந்து அந்த வெயில் விளக்குச் சாமானைப் பரீட்சைக்கென்று கொண்டுவந்து, பிள்ளைக்காம்பராத் தகரத்தின் மேல் வெயிலில் கரண்டு பிடிக்கும் கண்ணாடிப் பலகையை வைத்து, சுவரில் பெட்டியை அடித்து, கீழே பேட்டரியை வைத்து, இரண்டு டியூப் விளக்கும் மாட்டிவிட்டுப் போனீர்கள். பகலில் கைக்குழந்தைகள் அழுத இடத்தில் அந்திக்கு நாங்கள் பதினொரு கிழடுகள் உட்கார்ந்து பெற்றீசியா டீச்சரிடம் படிக்கிறோம். மண்ணெண்ணெய் விளக்கில் எங்கள் கண்ணுக்கு ‘க’வும் தெரியாது, ‘த’வும் தெரியாது. டியூப்பில் எல்லாம் தெரிந்தது. டீச்சருக்கு மீசை இருப்பதும் தெரிந்தது. போகும்போது என்னைக் கூப்பிட்டு, பெட்டியில் இருக்கும் முள்ளைக் காலையும் மாலையும் பார்த்து, அது காட்டும் எண்ணைக் கொப்பியில் எழுதி, வெள்ளிக்கிழமைதோறும் பக்கத்தைக் கிழித்து அனுப்பச் சொன்னீர்கள். என் ஆயுசில் எவனும் எனக்கு எழுத்து வேலை கொடுத்ததில்லை. சவரம் செய்துகொண்டுதான் முள்ளுக்கு முன்னால் நிற்பேன்.

முதல் பக்கத்தில் எல்லாம் பத்து, பத்தரை. பன்னிரண்டுக்கு மேல் இருக்க வேண்டும், கண்ணாடியில் தூசி இருக்கும், கழுவுங்கள் என்று எழுதினீர்கள். நான் தகரத்தில் ஏறித் தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். கீழே நின்ற உங்கள் மாமி, “எங் கலியாணத்துக்குக்கூட இப்பிடிக் குளிக்கலயே இந்த மனுசன்” என்று தோட்டம் முழுக்கக் கேட்கச் சொன்னாள். மறுநாளும் பத்தரை.

அப்படியென்றால் நிழல் விழுகிறது என்றீர்கள். நிழல் பக்கத்து லயத்து ஆண்டியப்பனுடைய பேரிக்காய் மரத்தின் நிழல். போய்க் கேட்டேன்.

“என்னய்யா வியாகுலம், ஒம் மருமகன் கொழும்புல இருந்துக்கிட்டே எம் மரத்து நெழலக் கண்டுபுடிச்சிட்டாரா?”

“மரத்தையா கேக்குறேன்? ஒரு கொப்புதானேண்ணே.”

“ஒரு கொப்புல நாப்பது காய் வரும். ஒம் பேட்டரி காய்க்குமா?”

கடைசியில் அவரே கத்தியை எடுத்து வெட்டினார். காரணம் பிறகு சொல்கிறேன். வெட்டியும் பத்தரை. தபசு காலம் வருமுன்பே பேட்டரி ஒருசந்தி உபவாசம் பிடிக்கிறதோ என்று நினைத்தேன்.

அடுத்து, பேட்டரியில் தண்ணீர் குறைந்திருக்கும், ‘சுத்திகரித்த தண்ணீர்’ ஊற்றுங்கள் என்று எழுதினீர்கள். அந்தச் சொல்லை நான் கோயிலில் மட்டுந்தான் கேட்டிருக்கிறேன், மாதாவின் சுத்திகரத் திருநாளில். ஆகவே ஒரு போத்தலை எடுத்துக்கொண்டு சாமியாரிடம் போய்த் தீர்த்தம் கேட்டேன்.

“யாருக்கு வியாகுலம் சுகமில்ல?”

“பேட்டரிக்குச் சாமி.”

சாமியார் கொஞ்ச நேரம் என்னைப் பாவசங்கீர்த்தனம் கேட்கிற மாதிரியே பார்த்தார். “இதுல உப்புப் போட்டு மந்திரிச்சிருக்கு. மனுசனுக்கு நல்லது, பேட்டரிக்கு ஆகாது. கராஜ்ல போயிக் கேளு” என்றார். கராஜ் மெக்கானிக் பாஸிடம் சிங்களத்தில் “பெட்டரி வத்துர” என்றதும் ஒரு போத்தலை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். மாப்பிள்ளை கோபிக்க வேண்டாம், உங்கள் கொழும்புத் தமிழைவிடக் கந்தப்பளைச் சிங்களம் தெளிவு.

அதை ஊற்றிய பிறகு பத்தரை ஒன்பதரையாகிவிட்டது. அப்படியே எழுதி அனுப்பினேன். நீங்கள் பதிலுக்கு ‘எப்படி’ என்று எழுதிப் பக்கத்தில் மூன்று கொக்கி போட்டிருந்தீர்கள். அது கேள்விக்குறி என்று டீச்சர் சொன்னாங்க. கேட்டா எனக்கு என்ன தெரியும்? கொப்பில எழுதினது ஒன்பதரை, ஒன்பதரைன்னா ஒன்பதரைதான்.

பிறகு ஒரு டியூப்பைக் கழற்றச் சொன்னீங்க, கழற்றினேன். பதினொரு பேரும் மிச்ச ஒரு டியூப்புக்குக் கீழே குளிருக்குக் கோழி மாதிரி ஒட்டிக்கிட்டோம். பிள்ளைக்காம்பரா ஆயா வேலாயி, “யோவ், ஒந் தலைய எடுய்யா, எனக்கு ‘ஊ’ தெரியல” என்று என் மண்டையில் சிலேட்டால் ஒரு போடு போட்டாள். வீக்கம் இன்னும் இருக்கு.

பேட்டரி இவ்வளவு குறைந்தால் பெட்டியில் சிவப்பு விளக்கு வருமே, டியூப்பும் தானாக அணையுமே, சிவப்பு வருதா என்று கேட்டீங்க. வரவில்லை, பச்சைதான், டியூப்பும் நல்லா எரியுது என்று உண்மையை எழுதினேன். உடனே நீங்க, அப்படியென்றால் பெட்டியும் பழுது என்று முடிவு கட்டிட்டீங்க. உங்க மாமி கேக்குறா: “வெளக்கு எரியுது, பெட்டி பச்ச காட்டுது, மருமகன் செத்துப்போச்சுங்கிறாரு. கொழும்புல பொணம் எந்திரிச்சி வெளக்குப் புடிக்குமோ?” அவளை அதட்டினேன். “எழுத்துத் தெரியாதவ பேசாத. கொப்பில எழுதியிருக்கு, ஒங் கண்ணு பெரிசா, கொப்பி பெரிசா?” என்றேன். உங்கள் பக்கம் நின்று பேசியதற்காக அன்று எனக்கு ரொட்டியும் இல்லை, சம்பலும் இல்லை.

இப்போது முக்கியமான விசயம். மார்ச் முதலாம் திகதி சனிக்கிழமை கடை வான் வந்து எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போகும், வேறு செட் அடுத்த வருசம்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி நடந்தால் வகுப்பு அன்றோடு முடிந்தது. எனக்காகக் கேட்கவில்லை, நான் கடிதம் எழுதுகிற அளவுக்குத் தேறிவிட்டேன். எங்கள் வகுப்பில் படிக்கும் ஆண்டியப்பனுக்காகக் கேட்கிறேன். அவர் மகள் பூரணி இந்தியாவுக்குப் போய்க் கூடலூரிலிருந்து போட்ட கடிதத்தை, யார் வாசித்தாலும் நடுவில் விழுங்கிவிடுகிறார்கள் என்று வேறு எவரிடமும் கொடுக்காமல் தானே வாசிக்கிறார். நாளைக்கு ஒரு வரி. அதற்காகத்தான் பேரிக்காய்க் கொப்பையும் வெட்டினார். நேற்று ‘மாடு’ வரைக்கும் வந்திருக்கிறார். அந்த மாடு வாங்கியதா, விற்றதா, செத்ததா, மருமகனை முட்டியதா, ஒன்றும் தெரியாது. இன்னும் ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. நீங்கள் விளக்கைக் கழற்றினால் அந்த மனுசன் அடுத்த வருசம் வரைக்கும் மாட்டோடு நிற்பார்.

ஆகவே மாப்பிள்ளை, செத்திருந்தாலும் பரவாயில்லை, அந்தப் பேட்டரி எங்களிடமே இருக்கட்டும். செத்த பேட்டரியில் படிக்க எங்களுக்கு ஆட்சேபனை இல்லை என்று பதினொரு பேரும் சொல்கிறார்கள். எட்டுப் பேர் கையெழுத்தே போடத் தயார். மூன்று பேர் இன்னும் பெருவிரல்.

உங்களுக்கும் மகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம். மாதா உங்கள் வீட்டுக்கும் கடைக்கும் துணை நிற்பாளாக. கடை வானுக்கும் துணை நிற்பாளாக, மார்ச் முதலாம் திகதி டயருக்கு மட்டும் நிற்காமல் இருப்பாளாக.

இப்படிக்கு,
உங்கள் மாமன்,
வியாகுலம் (இது கையெழுத்து, அச்சு இல்லை)

பி.கு.: எழுத்துப்பிழை பார்க்க இதை டீச்சரிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டுப் பெட்டிக்கு முன்னால் போய் நின்று, “முள்ளு பன்னிரண்டரையில நிக்குதே தாத்தா?” என்றாங்க. ஆமாம், பன்னிரண்டரைதான். தண்ணீருக்கு இரண்டு கழித்தால் பத்தரை, நீங்கள் சொல்லிப் போத்தல் தண்ணீர் ஊற்றிய பிறகு தண்ணீர் கூடிவிட்டதால் மூன்று கழித்தால் ஒன்பதரை என்று விளக்கினேன். நான் நாற்பது வருசம் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் சாக்குத் தூக்கினவன். தராசு முள் எதைக் காட்டினாலும் கணக்கப்பிள்ளை கொழுந்தில் ஈரம் இருக்கும் என்று தண்ணீருக்கு இரண்டு கழித்துத்தான் எழுதுவார். அப்போது றாத்தல், இப்போது கிலோ, கழிப்பு மட்டும் மாறவில்லை. பேட்டரிக்குள்ளும் தண்ணீர் இருக்கிறதே, கழிக்காமல் எழுதி உங்கள் கடையை ஏமாற்றலாமா என்றுதான் செய்தேன். டீச்சர் படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாங்க. பேட்டரி ஆரோக்கியமாக இருக்கிறதாம், பெட்டியும் அப்படியாம், வான் வர வேண்டாமாம், இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடலாமாம். ஆறு நாள் எழுதியதை எவன் கிழிப்பான்? இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இரண்டாவது டியூப்பையும் மாட்டியாச்சு.

ஆனால் ஒன்று மாப்பிள்ளை. உள்ளே நிசமாகவே தண்ணீர் இருக்கும் பேட்டரிக்கே கழிக்கக் கூடாது என்றால், காய்கிற வெயிலில் உங்கள் மாமி பறித்துக் கொண்டுவந்த கொழுந்தில் நாற்பது வருசம் எந்தத் தண்ணீரைக் கழித்தார்கள்? அடுத்த கிழமை மறுபடியும் கடிதம் எழுதுவேன். உங்களுக்கு இல்லை, தோட்டத்து ஆபீசுக்கு.